பூ விழுந்த கண்ணும் மூழ்கிப்போன ஆறும்

இரவில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் டார்ச் அடித்தவர்களுக்குத் தெரியும். மாடு தெரியாது, கண்கள் மட்டும் தெரியும். அமெரிக்காவின் மிசூரி ஆற்று நீர்த்தேக்கங்களில், ஏப்ரல் மாத இரவில் கரையோரத் தண்ணீருக்குள் விளக்கைத் திருப்பினாலும் அதே காட்சிதான். முழங்கால் ஆழத்தில், சரளைக் கற்களுக்கு மேலே, இரண்டிரண்டாக ஒளிப்பொட்டுகள். அசையாமல் நிற்கும், திடீரென்று ஒரு ஜோடி அணையும், கொஞ்சம் தள்ளி இன்னொரு ஜோடி ஒளிரும். முட்டையிட வந்திருக்கும் வால்ஐ மீன்களின் கண்கள் அவை.

வால்ஐ என்று வேகமாகச் சொன்னால் நம்மூர் வாளை போல ஒலிக்கும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரில் வரும் ‘வால்’ என்பதைச் சுவர் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. வெளிறிப்போன கண்ணைக் குறிக்கும் பழைய நார்ஸ் மொழிச் சொல் ஒன்று ஆங்கிலத்துக்கு வந்து அப்படித் திரிந்துவிட்டது. நம் பேச்சில் ‘கண்ணில் பூ விழுந்திருக்கிறது’ என்போமே, கிட்டத்தட்ட அந்தப் பொருள். இந்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கண்மணி பால் கலந்தது போல மங்கிக் கிடக்கும். 1818இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய சாமுவேல் மிட்சிலும் கண்ணைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார். சாண்டர் விட்ரியஸ் என்ற இன்றைய பெயரில் ‘விட்ரியஸ்’ என்றால் கண்ணாடி போன்றது. வேடிக்கை என்னவென்றால், குருட்டுக் கண் போலத் தெரியும் இதுதான் அந்த ஏரிகளின் மிகக் கூர்மையான இருட்டுக் கண்களில் ஒன்று.

காரணம், விழித்திரையில் ஒளி உணரும் செல்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிரதிபலிப்பு அடுக்கு. நம் கண்ணுக்குள் நுழையும் ஒளி அந்தச் செல்களை ஒருமுறை கடக்கிறது. அப்போது பிடிபடாத ஒளி வீணாகிப் போகிறது. வால்ஐயின் கண்ணில் அது அடுக்கில் பட்டுத் திரும்பி அதே செல்களை மறுபடி கடக்கிறது. தப்பிய ஒளியைப் பிடிக்க இரண்டாவது வாய்ப்பு. மாட்டுக்கும் பூனைக்கும் இருப்பது இதே ஏற்பாடுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு: திரும்பி வரும் ஒளி சற்றுச் சிதறுவதால் நுணுக்கம் குறையும். மங்கலில் அசைவதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கண், செதில்களை எண்ணுவதற்கு அல்ல.

முட்டையிலிருந்து வந்த புதிதில் வால்ஐக் குஞ்சு ஒளியைத் தேடிப் போகும். அந்த வயதில் அதன் கண்ணில் இந்த அடுக்கு கிடையாது. வளர வளர அடுக்கு உருவாகிறது, மீன் வெளிச்சத்தை விட்டு விலகத் தொடங்குகிறது. விழித்திரையில் நிறம் உணரும் செல்கள் இரண்டே வகை. ஒன்று பச்சைக்கு, மற்றது ஆரஞ்சு கலந்த சிவப்புக்கு. தூண்டில்காரர்களின் பெட்டியைத் திறந்தால் கிளிப்பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியில் கிடக்கும் நிறங்களில் பாதி, மீனைவிடக் கடைக்கு வரும் மனிதரைப் பிடிப்பதற்கென்றே பூசப்பட்டவை என்பது என் எண்ணம்.

கண்ணைப் புரிந்துகொண்டால், மீனை எங்கே தேடுவது என்பதில் பாதி தெளிந்துவிடும். வெளிச்சம் குறையும் இடத்தில் தேட வேண்டும். அந்தி, விடியல், ஆழம், கலங்கல், அலை அடிக்கும் பக்கம். அந்தி நேரத்தில் இரை மீன்களின் கண் பகலிலிருந்து இரவுக்கு மாறத் தடுமாறும். அந்த இடைவெளியில் வால்ஐ சாப்பிட்டு முடித்துவிடும். மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் நீர்ப்பரப்பு கசங்கி, உள்ளே போகும் ஒளி உடைந்து சிதறும். சாதாரண உல்லாசப் படகுக்காரர் முகம் சுளிக்கும் இந்த அலைக்கு அங்கே ‘வால்ஐ அலை’ என்றே பெயர் உண்டு.

மீதிப் பாதிக்கு ஆற்றின் கதைக்குப் போக வேண்டும்.

மிசூரி ஆற்றின் மேல்பகுதியில், மொன்டானாவிலிருந்து நெப்ராஸ்கா எல்லை வரை ஆறு பெரிய அணைகள் வரிசையாக நிற்கின்றன. மூத்தது 1930களில் கட்டிய ஃபோர்ட் பெக். மற்ற ஐந்தும் 1944ஆம் ஆண்டின் வெள்ளத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. அவற்றில் தெற்கு டகோட்டாவின் தலைநகர் பியருக்கு மேலே இருக்கிற ஓஹே அணையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். 1948இல் வேலை தொடங்கியது. 1962 ஆகஸ்ட் 17 அன்று ஜான் கென்னடி நேரில் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அணைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் நகரத்துப் பக்கம் வரை, சுமார் 370 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. நம் கணக்கில் சொன்னால் கொள்ளளவு ஏறத்தாழ ஆயிரம் டி.எம்.சி. மிக ஆழமான இடம் 200 அடியைத் தாண்டும். கரை மட்டும் 3,600 கிலோமீட்டர்.

இந்தத் தண்ணீருக்கு அடியில் யாருடைய நிலம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் மீனைப் பற்றி மட்டும் பேசுவது சரியாகாது. ஸ்டாண்டிங் ராக், செயென் ரிவர் என்ற இரண்டு லகோட்டா ஒதுக்கீட்டுப் பகுதிகள் ஓஹேயால் 1,50,000 ஏக்கருக்கும் மேல் இழந்தன. போனது மேட்டு நிலம் அல்ல. ஆற்றங்கரைக் காட்டன்வுட் தோப்பு, விறகு, காட்டுப் பழம், குளிர்காலத்தில் மாடு ஒதுங்கும் இடம், எல்லாம் இருந்த தாழ்நிலம். மேலே உள்ள கேரிசன் அணைக்காக நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரம் 1948இல் கையெழுத்தானபோது, பழங்குடி மன்றத் தலைவர் ஜார்ஜ் கில்லெட் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தூண்டில்காரரின் சோனார் திரையில் இன்று ‘மரக்கூட்டம், மீன் ஒதுங்கும் இடம்’ என்று தெரிவது அந்தத் தோப்புகளின் மிச்சம்தான்.

அணை வருவதற்கு முன் மிசூரி கலங்கல் ஆறு. அதற்குப் பொருத்தமான மீன் சாகர், வால்ஐக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டையும் பிரித்தறிவது எளிது: சாகரின் முதுகுத் துடுப்பில் வரிவரியாகக் கரும்புள்ளிகள், வால்ஐக்கு முன்துடுப்பின் கடைசியில் ஒரே ஒரு கருந்திட்டு, வாலின் கீழ் நுனியில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. சாகரின் கண்ணில் அந்தப் பிரதிபலிப்பு அடுக்கு இன்னும் நன்றாக வளர்ந்திருக்கும், சேற்று நீருக்கென்றே செய்தது போல. அணை கட்டியதும் வண்டல் நீர்த்தேக்கத்தின் தலைப்பகுதியிலேயே படிந்துவிட, கீழே தண்ணீர் தெளிந்தது. தெளிந்த தண்ணீர் சாகருக்குப் பாதகம், வால்ஐக்குச் சாதகம். சில பத்தாண்டுகளில் மீன்களின் ஆட்சி மாறியது. 1982இல் தெற்கு டகோட்டா வால்ஐயைத் தன் மாநில மீனாக அறிவித்தது. ஒரு பொறியியல் முடிவு மாநிலச் சின்னத்தையே தீர்மானித்துவிட்டது.

ஆனால் ஏரியாக மாறியது தண்ணீர்தான். மீனுக்கு அது இன்னமும் ஆறு. பனிக்கட்டி உடைந்து தண்ணீர் மெல்லச் சூடாகத் தொடங்கியதும், குளிர்காலம் முழுக்க ஆழத்தில் கிடந்த வால்ஐகள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே கிளம்புகின்றன. மோப்ரிட்ஜ், பொல்லக் தாண்டி, வடக்கு டகோட்டா எல்லைக்கு அப்பால், மிசூரி இன்னும் ஆறாகவே ஓடும் பிஸ்மார்க் வரை. வேறு சில, கிராண்ட், மொரோ, செயென் போன்ற கிளையாறுகள் வந்து சேரும் குடாக்களுக்குள் நுழையும். தண்ணீர் 6 முதல் 10 டிகிரி செல்சியஸை எட்டும்போது முட்டையிடுதல் நடக்கும். ஆண் மீன்கள் முன்கூட்டியே வந்து காத்திருக்கும். பெண் மீன் வந்து, பெரும்பாலும் ஓர் இரவிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதில்லை. ஒரு கிலோ எடைக்கு 50,000 முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவையும் சரளைக்கு மேலே தூவிவிட்டுத் திரும்பும். முட்டை கல்லிடுக்கில் விழுந்து, மேலே ஓடும் நீர் கொண்டுவரும் ஆக்சிஜனில் பொரிய வேண்டும். வண்டல் மூடினால் அவ்வளவுதான். அதனால்தான் இவ்வளவு தூரம் ஓட்டத்தைத் தேடிப் போகிறது. ஓட்டம் கிடைக்காத மீன்கள், அலை அடித்துக் கழுவும் கல் கரையில் சமாளித்துக்கொள்ளும். அணைச்சுவர் அரிக்காமலிருக்க மனிதர் அடுக்கிய பாறைச் சரிவிலும்கூட முட்டையிடும்.

இந்தப் பருவத்துக்கான கருவி மிக எளியது. ஜிக் என்பார்கள். ஏழு கிராம் எடையுள்ள ஈய உருண்டை, அதிலிருந்தே நீளும் தூண்டில் முள், முள்ளில் வாய்வழி நுழைத்துத் தலையில் குத்திய ஒரு பொடிமீன். படகை ஓட்டத்தின் வேகத்துக்கே மிதக்க விட்டு, தங்கூசியைச் செங்குத்தாக இறக்கி, ஈயம் தரையைத் தொட்டதும் ஒரு சாண் தூக்கி, மறுபடி தொட விட வேண்டும். டக், டக் என்று தரையைத் தட்டிப் பார்க்கும் குருடன் கோல் மாதிரி. ஐந்து டிகிரித் தண்ணீரில் மீனின் உடம்பு மந்தமாக இருக்கும், துரத்தி வராது. அதன் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கடிப்பதும் கடி போலத் தெரியாது. ஈயம் தரையைத் தொட வேண்டிய நேரத்தில் தொடாது. அல்லது திடீரென்று ஈர மணலில் இழுப்பது போல ஒரு கனம். பழகாதவர் பாசி மாட்டிக்கொண்டது என்று நினைத்துச் சுற்றி எடுத்துவிடுவார். நிறம், பிராண்டு, வாசனைத் திரவம் என்று எதை எதையோ பேசுவதைவிட, இந்தக் கனத்தை விரல் அடையாளம் கண்டுகொள்வதுதான் முக்கியம்.

மே மாதத்தில் முட்டையிட்ட களைப்போடு பெரிய பெண் மீன்கள் கீழ்நோக்கித் திரும்பத் தொடங்கும். முதலில் நிற்பது குடாக்களில். அங்கே ஆழம் குறைவு, கலங்கல் அதிகம், வெயில் பட்டதும் தண்ணீர் சூடேறிவிடும். சூடேறும் இடத்தில் சிறு மீன்கள் கூடும். பிறகு ஜூன் வந்தால் எல்லோர் வாயிலும் ஒரே சொல், முனை. கரையிலிருந்து மேடு ஒன்று நீருக்குள் நீண்டு, படிப்படியாக இறங்கி, பழைய ஆற்றுப் பள்ளத்தின் விளிம்பில் போய் முடியும் இடம். அணை வருவதற்கு முன் அது ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குன்றின் தோள். மீனுக்கு அது நெடுஞ்சாலைச் சந்திப்பு. பள்ளத்திலிருந்து ஏறி வந்து மேட்டில் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் ஏறினால் நாலு தாவலில் ஆழத்துக்கு இறங்கிவிடலாம். விட்லக் குடா, அகாஸ்கா, மோப்ரிட்ஜ் பக்கத்து முனைகளில் ஜூன் மாதம் படகுகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். நல்ல வரைபடத்தில் உயரக் கோடுகள் மூக்குப் போல நீண்டிருக்கும் இடங்களைப் பார்த்தாலே பாதிப் பயணம் முடிந்தது.

எந்த முனை என்பதைக் காற்று சொல்லும். இதுதான் எனக்கு இந்த மீன்பிடிப்பிலேயே பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓஹேயின் கரைகளில் பெரும்பகுதி பியர் ஷேல் என்ற கறுப்புச் சாம்பல் நிறக் களிப்பாறை. டைனோசர் காலத்தில் வட அமெரிக்காவின் நடுவே ஒரு கடல் கிடந்தது. அதன் அடிச்சேறு இறுகியது இது. காய்ந்தால் தகடு தகடாக உதிரும், நனைந்தால் சோப்புப் போல வழுக்கும். இரண்டு நாள் ஒரே திசையிலிருந்து பலமாகக் காற்று அடித்தால், அலைகள் இந்தக் கரையை மோதி மோதிக் கரைக்கும். கரையை ஒட்டி இருபது முப்பது மீட்டர் அகலத்துக்கு நீர் பால் விட்ட தேநீர் மாதிரி ஆகிவிடும். வெளியே நீலத் தெளிவு, உள்ளே கலங்கல், நடுவில் கோடு கிழித்தது போல எல்லை. நடுப்பகல் வெயிலாக இருக்கட்டும், அந்தக் கலங்கலுக்குள் அந்தி. ஆறடி ஆழத்தில் பெரிய வால்ஐகள் வந்து நிற்கும். அலை புரட்டிய கரையிலிருந்து புழுவும் பூச்சியும் வரும், அதைத் தின்னச் சிறு மீன் வரும், அந்தச் சிறு மீனுக்குக் கலங்கலில் கண் தெரியாது. வால்ஐக்குத் தெரியும். பல ஆயிரம் டாலர் சோனாரை வைத்துக்கொண்டு ஆழத்தில் மீன் தேடுகிறவர்கள், போகிற வழியில் இந்தச் சேற்றுப் பட்டையைத் தாண்டித்தான் போகிறார்கள். காற்றை எதிர்த்துப் படகைக் கரைப்பக்கம் நிறுத்துவது கஷ்டம், முதுகு வலிக்கும், அலை நனைக்கும். இந்தப் பட்டையில் போட்டி குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோடைக் கருவியையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கலாம். ‘பாட்டம் பவுன்சர்’ என்கிறார்கள், தரைதட்டி என்று சொல்லிக்கொள்ளலாம். மடித்துவைத்த குடையின் கைப்பிடி போல வளைந்த ஒரு மெல்லிய எஃகுக் கம்பி. வளைவில் தங்கூசியைக் கட்டுவார்கள். கீழே தொங்கும் நீளக் கையின் நடுவில் ஈயம் வார்த்திருக்கும். மேலே நிற்கும் குட்டைக் கையிலிருந்து நாலைந்தடி நீளத்துக்கு இன்னொரு நரம்பு பின்னால் ஓடும். அதில் வரிசையாகப் பாசிமணி, சுழலும் ஒரு சிறு தகடு, கடைசியில் முள்ளில் கோத்த மண்புழு. படகு மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் போகும், கோயில் பிரகாரத்தைச் சுற்றும் வேகம்கூட இல்லை. கம்பியின் நுனி மட்டும் தரையைத் தட்டித் தட்டிப் போகும். கல் வந்தால் சாய்ந்து ஏறிவிடும், மாட்டாது. புழு தரைக்கு ஓரடி மேலே தகட்டின் அதிர்வோடு வரும். பத்தடி ஆழத்துக்கு ஒரு அவுன்ஸ் ஈயம், நரம்பு 45 டிகிரி சரிவில் நீருக்குள் இறங்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். சரிவு அதைவிடக் குறைந்து நரம்பு பின்னால் படுத்துவிட்டால் கம்பி தரையில் இழுபடுகிறது என்று பொருள். கண்ணை மட்டும் நம்பி இருட்டில் வாழும் மீன் இல்லை இது. பக்கவாட்டுக் கோட்டால் அதிர்வையும் உணரும். சுழலும் தகடு பேசுவது அந்தக் காதோடு.

ஜூலை முடியும்போது முனைகள் வெறிச்சோடிவிடும். மீன் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை 1971இல் இருக்கிறது. அந்த ஆண்டு மேலே உள்ள சகாகவியா நீர்த்தேக்கத்தில் ரெயின்போ ஸ்மெல்ட் என்ற விரல்நீள வெள்ளி மீனை இரைக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். அட்லாண்டிக் கரைக்குச் சொந்தமான மீன். அணை மதகு வழியாக இறங்கி ஓஹேக்கும் வந்து பெருகியது. கொழுப்பு நிறைந்த இரை. அதைத் தின்று வால்ஐ மளமளவென்று பெருத்தது. ஆனால் ஸ்மெல்ட் குளிர்நீர் மீன். கோடையில் ஏரியின் மேல் அடுக்கு சூடாகி மிதக்க, கனமான குளிர்நீர் கீழே தங்கிவிடும்போது ஸ்மெல்ட் அந்தக் குளிர் அடுக்குக்கு இறங்கும். பின்னாலேயே வால்ஐயும். ஆகஸ்டில் அணைக்கு அருகிலுள்ள கீழ்ப்பகுதியில் ஐம்பது அறுபது அடிக்குக் கீழே தேட வேண்டி வரும். அதற்கு ஈயக்கம்பியை உள்ளே வைத்துப் பின்னிய நரம்பு உண்டு. பத்து கெஜத்துக்கு ஒரு நிறம். “ஆறு நிறம் விட்டேன்” என்றால் அறுபது கெஜம் விட்டிருக்கிறார். அதன் முனையில் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த பொய் மீன்.

இங்கே ஒரு சிக்கல். வால்ஐயின் காற்றுப்பைக்குத் தொண்டையோடு இணைப்பு கிடையாது. உள்ளே இருக்கும் காற்றை ரத்தம் வழியாக மெதுவாகத்தான் வெளியேற்ற முடியும். அறுபதடியில் நம் தலைக்கு மேலிருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தம். அங்கிருந்து ஒரு நிமிடத்தில் மேலே இழுத்தால் அந்தக் காற்று மூன்று மடங்காக ஊதிவிடும். வயிறு புடைத்து, சில சமயம் இரைப்பை வாய்வழி தள்ளி, மீன் மல்லாந்து மிதக்கும். சிறியது என்று பரிவோடு திரும்ப விட்டாலும் பிழைப்பது நிச்சயமில்லை. முப்பது அடிக்குக் கீழே போனால் சாப்பிடுவதற்கு வேண்டியதைப் பிடித்ததும் நிறுத்திவிட வேண்டும். பிடித்து விடுகிற விளையாட்டு ஆழமில்லாத நீருக்கு உரியது.

ஸ்மெல்டை நம்பிய வாழ்க்கைக்கு இன்னொரு பலவீனம் இருந்தது. குளிர்நீர் தங்கும் அதே ஆழத்தில்தான் அணையின் நீர்வழி வாயும். 1997இல் வடக்குச் சமவெளியில் கடும் பனி, அதைத் தொடர்ந்து பெருவெள்ளம். மாதக்கணக்கில் அணையிலிருந்து அதிகமாகத் தண்ணீர் திறந்தார்கள். ஆழத்தில் கூட்டமாக இருந்த ஸ்மெல்ட் தண்ணீரோடு கீழே போய்விட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஓஹேயின் வால்ஐகள் தலை பெருத்து உடம்பு சூம்பிக் காணப்பட்டன. அதே நேரத்தில் தூண்டில்காரர்கள் இவ்வளவு மீன் பிடித்ததே இல்லை என்றார்கள். முரண்பாடு இல்லை. பசித்த மீன் முள்ளில் எதைக் குத்தினாலும் கவ்வும். மீன் நிறைய மாட்டுவதை வைத்து ஏரி செழிப்பாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இரைக்கு ஏற்றபடி வாய்களைக் குறைக்க, மாநில அரசு தினசரி வரம்பைத் தளர்த்தி, அதிகம் பிடித்துக்கொள்ளச் சொன்னது. 2011இல் இன்னும் பெரிய வெள்ளம். உச்சத்தில் வினாடிக்கு 1,60,000 கன அடி ஓஹேயிலிருந்து வெளியேறியது. ஸ்மெல்டுக்கு மறுபடி அதே கதி.

வறட்சி வந்தால் வேறு விதம். 2000களின் நடுவில் நீர்மட்டம் இறங்கி, படகு இறக்கும் சரிவுகள் தண்ணீரைத் தொடாமல் புழுதியில் நின்றன. ஏப்ரலில் கரையோரம் ஸ்மெல்ட் இட்ட முட்டை, மட்டம் இறங்கினால் வெயிலில் காய்ந்துவிடும். மின்சாரம், வெள்ளத் தடுப்பு, கீழே கப்பல் போக்குவரத்து என்று எத்தனையோ கணக்குப் போட்டுத்தான் மதகைத் திறக்கிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் முள்ளில் வரப்போகும் மீனின் எடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மேற்கே கொலம்பியா ஆற்றில் இதே மீன் வில்லன். 1942இல் முடிந்த கிராண்ட் கூலி அணையின் தேக்கத்தில் எப்படியோ வந்து சேர்ந்து, ஆறு நெடுகப் பரவியது. அங்கே கடலுக்குப் போகும் சால்மன் குஞ்சுகள் அணைத் தேக்கங்களில் வேகமிழந்து நிற்கின்றன; வால்ஐ அவற்றைத் தின்கிறது. ஆற்றின் பல பகுதிகளில் வாஷிங்டன் மாநிலம் வரம்பே வேண்டாம், எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள் என்கிறது. டகோட்டாவில் மாநிலச் சின்னம், வாஷிங்டனில் அழையா விருந்தாளி. மீன் இரண்டு இடத்திலும் செய்வது ஒன்றே.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1950களின் கடைசியில் லோரன்ஸ் நிறுவனத்தின் சின்னப் பச்சைப் பெட்டி வந்தபோதுதான் சாதாரணத் தூண்டில்காரர் முதல்முறையாகத் தரையையும் மீனையும் ஒலியால் பார்த்தார். 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்தது; படகுக்கு முன்னால் இருக்கும் மீன் தலையைத் திருப்புவதையே திரையில் நேரலையாகப் பார்க்கலாம். இது மீன்பிடிப்பா, வீடியோ கேமா என்று அங்கே பெரிய சண்டை. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. ஆனால் 370 கிலோமீட்டர் நீளத் தேக்கத்தில் நூறடி தூரம் காட்டும் கருவி, எந்த நூறடியில் நிற்பது என்பதைச் சொல்லித் தராது.

அதைச் சொல்லித் தரும் இடம் ஒன்று உண்டு. ஓஹேயின் பெரிய படகுத் துறைகளில் மீன் கழுவும் கொட்டகை இருக்கும். நீள மேஜை, தண்ணீர்க் குழாய், குடலைத் தள்ள ஓர் ஓட்டை. மாலையில் போனால் பத்துப் பேர் மெல்லிய கத்தியோடு வரிசையாக நின்று வெட்டிக்கொண்டிருப்பார்கள். செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி, முதுகெலும்பை ஒட்டி வால் வரை ஒரே இழுப்பு. வெள்ளைச் சதை, முள் குறைவு. விவரமானவர்கள் கன்னத்துச் சதையை நாணயம் போல வட்டமாகத் தோண்டி எடுப்பார்கள். மீனிலேயே ருசியான துண்டு அதுதான் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் எலும்புக் கூட்டை அப்படியே ஓட்டையில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஓரத்தில் ஒருவர் மட்டும் நிறுத்தி, இரைப்பையைக் கத்தி நுனியால் கீறி, விரலால் விரித்துப் பார்ப்பார். நண்டு போன்ற கிரேஃபிஷின் ஓடு இருந்தால் நாளைக்குக் கல் கரை. மே ஈயின் புழு நிறைந்திருந்தால் சேற்றுத் தரை உள்ள குடா. பாதி செரித்த வெள்ளி நிற விரல்நீள மீன் வந்தால், நரம்புப் பெட்டியில் இன்னும் எத்தனை நிறம் மிச்சம் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு, அவர் பேசாமல் மேஜையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார்.